சாமத்திய வீட்டுக் கையெழுத்துகள்

என் மகளின் கிண்டர்கார்டனுக்கு நேர் எதிரே கட்டில், மேசை விற்ற ஒரு பழைய தளபாடக் கடை இருக்கிறது. நாங்கள் இந்த நகரத்துக்குக் குடிவந்தபோதே அது மூடிக் கிடந்தது. கண்ணாடிகளுக்கு உட்புறமாக மண்ணிறக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மகள் தினமும் அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, நாக்கை நீட்டிவிட்டுத்தான் தெருவைக் கடப்பாள். அந்தக் கட்டடத்தில் கசினோ வரப்போகிறது, நகரசபை சம்மதித்துவிட்டது என்ற செய்தியை, ஒரு காலை கிண்டர்கார்டனுக்குள் குனிந்து அவளுடைய சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

சொன்னவர் மகளின் வகுப்பில் படிக்கும் இரட்டையர்களின் தாய், ஜெர்மன்காரி. நகரசபை முடிவெடுத்துவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது என்றார். குறித்த திகதிக்குள் போதிய வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால், நகர மக்கள் எல்லோரையும் கேட்டு ஒரு வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டுமாம். அதற்காகத் தாய்மார் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்குவதாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இந்த நகரத்தில் உங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அல்லவா என்றார்.

நான் தலையாட்டினேன். இப்போது யோசித்தால், தமிழரிடம் கையெழுத்து வாங்கித் தா என்று அவர் கேட்கவேயில்லை. நான்தான் கேட்டதாக எடுத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குக் குடியுரிமை கிடைத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, கலியாணம் கட்டி இங்கே ஜெர்மனிக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாஷை படித்து, சோதனை எழுதி வாங்கியது. மக்களாட்சி என்றால் என்ன என்று அந்தச் சோதனைக்காக மனப்பாடம் செய்ததெல்லாம் இன்னும் நினைவில் இருந்தது. குழுவின் தாளில் பெயர், பிறந்த திகதி, விலாசம் எழுதிக் சோதனைத் தாளில் எழுதுவதுபோல நிதானமாகக் கையெழுத்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தபால் இலக்கத்தைச் சரியாக எழுதினேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த நாள் போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

விதிகளையும் வரி விடாமல் படித்தேன். வாக்கெடுப்புக்கு விடப்போகும் கேள்வி ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் முழுமையாக அச்சாகியிருக்க வேண்டும். இந்த நகரத்தில் வதியும், வாக்குரிமை உள்ள ஒருவர்தான் கையெழுத்திடலாம். கணவனுக்காக மனைவியோ மனைவிக்காகக் கணவனோ போட முடியாது. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் எப்போதோ ஜெர்மன் பாஸ்போட் எடுத்தவர்கள். ஆகவே இது இலகுவான வேலை என்று நினைத்தேன்.

ஹோலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கசினோக் கம்பனி நகரசபைக்குக் கொடுத்த வரைபடத்தில், மேல்மாடியில் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் பெரிய மண்டபம் ஒன்று, எங்கள் ஆட்களின் பேச்சில் ஹோல், இருந்தது. கீழே இரண்டு தளங்களில் கார் விட இடம். இது எங்கள் சனத்துக்கு என்ன அர்த்தம் என்பதை இரட்டையர்களின் தாய்க்குக் கடைசிவரை என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, முதலாவது பிறந்தநாள் என்று எதற்கும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அத்தனை பேரைக் கொள்ளும் ஹோலை ஒரு வருடம் முந்தியே பிடித்து வைக்க வேண்டும். கிடைக்கும் ஹோலில் ஒன்றில் சமையல்காரரை உள்ளே விடமாட்டார்கள், இன்னொன்றில் கற்பூரம் கொளுத்தினால் நெருப்பு அலாரம் அடிக்கும், மற்றதில் கார் விட இடமில்லாமல் மாப்பிள்ளையின் தகப்பன் தெருத் தெருவாகச் சுற்றுவார். இப்படி அலைந்த சனத்திடம் போய், கசினோ வேண்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்க வேண்டாமா என்றேன். நான் முதலில் போன வீட்டில் ஓர் அண்ணை தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கேள்வி முழுவதையும் நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்:

"தங்கச்சி, அந்த ஹோலுக்குள்ள வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடுவாங்களோ?"

அந்த வாரம் முழுவதும் எனக்குக் கிடைத்தவை கையெழுத்துகள் அல்ல, இப்படியான கேள்விகள்தான். என் கணவர் முதலிலேயே, உமக்கேன் இந்த வேலை என்று சொல்லியிருந்தார். நான் வெறுந்தாளோடு வரும்போது டீ மட்டும் போட்டுத் தருவார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் மச்சாளின் மூத்த மகளுடைய சாமத்திய வீடு வந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா, எங்கள் நகரத்திலேயே இருப்பவர். விழா வேறு நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஒரு ஹோலில். எங்கள் நகரத்துத் தமிழ்ச்சனம் ஒன்று விடாமல் வரும். அங்கே ஒரு மேசை போட்டு நின்றால் வீடு வீடாக ஏறி இறங்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. கேட்கப் பயமாகவும் இருந்தது. மச்சாளுக்கு இளையவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய சாமத்திய வீட்டையாவது புது ஹோலில் கிட்ட வைத்துக்கொள்ளலாம் என்று மச்சாள் ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லியிருந்தார்.

ஆனால் அவர் மறுக்கவில்லை. தம்பியின் மனைவி ஒன்று கேட்டு இல்லை என்றால் கதை வரும் என்று நினைத்திருக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"வையும். ஆனா வீடியோவில வெறும் மேசையும் வெள்ளைப் பேப்பரும் தெரியக்கூடாது. டெக்கரேசன் முழுக்க மெரூனும் கோல்டும். அதுக்கேத்த மாதிரிச் செய்யும்."

சொன்னால் செய்பவள் நான். மெரூன் சற்றின் துணி வாங்கி மேசைவிரிப்புத் தைத்தேன். தாள்களைச் செருகும் மட்டையையும் அதே துணியால் போர்த்தி, ஓரத்தில் தங்கநிற லேஸ் ஒட்டினேன். பேனையும் தங்கநிறம். ஒரு சின்னப் பூச்சாடியும் வைத்தேன். ஹோலில் நான் மேசையை ஒரு மூலையில் போட்டேன். வீடியோக்காரர் வந்து, தன் வயர் அந்த வழியாகப் போக வேண்டும் என்று மேசையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு வைத்த மேசைக்கும் அன்பளிப்புப் பண என்வலப் போடும் பெட்டிக்கும் நடுவில் வைத்தார். ஆட்கள் பார்க்கக்கூடிய இடம், நல்லதுதான் என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர்களுக்கு நின்று விளக்கம் சொன்னேன். பிறகு வாறன் என்று சொல்லி எல்லோரும் ரோல்ஸ் பலகாரம் எடுக்கப் போனார்கள். அதற்குள் மகள் சட்டையில் ஃபன்டாவை ஊற்றிக்கொண்டாள். அவளைக் கழுவி உடுப்பு மாற்றி வெளியே வந்தால், ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிடுகிறார்கள். தாய்மாமனின் மனைவியான நான் இல்லாமல் ஆலாத்தி, அதாவது ஆரத்தி, தொடங்க முடியாது. இது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். சேலை, ஆலாத்தித் தட்டு எல்லாம் ஆயத்தமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் ஒரே நேரத்தில் மேடையிலும் மேசையிலும் நிற்க முடியாது என்பது மேடையில் ஏறிய பிறகுதான் உறைத்தது. தட்டைச் சுற்றும்போதும் படத்துக்கு நிற்கும்போதும் கண் வாசலுக்கே போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒரே கூட்டம். யார் தலையும் தெரியவில்லை.

இறங்கி வந்து பார்த்தபோது தாள்கள் நிரம்பியிருந்தன. கடைசித் தாளின் அடியில்கூட இடமில்லை. நான் உடனே கார் விடும் இடத்துக்குப் போய், சேலையோடு குளிரில் நின்று, இரட்டையர்களின் தாய்க்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாத் தாளும் முடிந்துவிட்டது என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொல்ல, அவர்கள் கைதட்டியது எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் காலை சமையலறை மேசையில் வைத்துத்தான் தாள்களை வாசித்தேன். பெயர் எழுதும் இடத்தில் பெயர் இருந்தது. விலாசம் எழுதும் இடத்தில் ஒருவர் லண்டன் என்றும், இன்னொருவர் பாரிஸ் சித்தப்பா குடும்பம் என்றும் எழுதியிருந்தார்கள். பிறந்த திகதிக்குச் சிலர் விழாத் திகதியைப் போட்டிருந்தார்கள். கையெழுத்துக்கான இடத்தில் சகல சௌபாக்கியங்களும் பெற்று நீடூழி வாழ்க என்று, இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள்ளும் போயிருந்தது. ஒரு குழந்தை வண்ணத்துப்பூச்சி வரைந்திருந்தது.

வாசலில் மெரூன் துணி போர்த்த மட்டையும் தங்கப் பேனையும் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அது வாழ்த்துப் புத்தகம்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அதை வாழ்த்துப் புத்தகம் ஆக்கியவளே நான்.

கணவர் தாளைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிப்போட்டு அப்பிடியே கசினோவையும் நிப்பாட்டியிருக்கினம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவற்றுக்கு நடுவே எங்கள் நகரத்து ஆட்களின் பதிவுகளும் இருந்தன. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர்கள், எந்தத் தாளில் எந்தக் கட்டம் கண்டாலும் நிரப்பிப் பழகியவர்கள். பெயர், பிறந்த திகதி, தெரு, வீட்டிலக்கம், கையெழுத்து என்று எல்லாம் வடிவான எழுத்தில். வாழ்த்து வரியும் இல்லை, குறையும் இல்லை. என்ன எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் பிழை.

திங்கட்கிழமை இரட்டையர்களின் தாய் கிண்டர்கார்டன் முற்றத்தில் நின்றபடியே பென்சிலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். லண்டன், பாரிஸ், வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் தாண்டிப் போய், சரியான வரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சரி போட்டார். இவை செல்லும் என்றார். அவர்கள் இதை வாழ்த்துப் புத்தகம் என்று நினைத்து எழுதியவர்கள் என்றேன். அவர், கேள்வி தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கிறது, யாரும் வற்புறுத்தவில்லை, எல்லோரும் பெரியவர்கள் என்றார். யார் என்ன நினைத்து எழுதினார் என்று நகரசபை விசாரிக்காது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. தாள்கள் நிரம்பியதைக் குழுவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்றும் மெதுவாகச் சேர்த்தார். தாள்களை ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் மச்சாள் தொலைபேசி எடுத்தார். "அந்த மெரூன் புத்தகம் எங்க? ஆல்பத்தில ஒட்ட வேணும். லண்டன் மாமா பெரிசா எழுதினவராம்."

நான் விஷயத்தைச் சொன்னேன். மறுபக்கத்தில் விசிலடித்த குக்கரை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு மச்சாள் சொன்னார்:

"அப்ப என்ர பிள்ளைக்கு வந்த வாழ்த்தைக் கொண்டுபோய் நகரசபையில குடுக்கப் போறீர்."

ஒரே தாள்களுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தாள்களைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் வாக்கெடுப்புக்குக் கிட்டப் போவோம். ஆனால் மக்களைக் கேட்க வேண்டும் என்பதற்காக, மக்களுக்குத் தெரியாமல் எடுத்த கையெழுத்தை எப்படிக் கொடுப்பது? இதை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தும் எனக்குச் சரியாக வரவில்லை. கடைசியில் புதுத் தாள் ஒன்று எடுத்துக்கொண்டு, சரி போட்ட வரிகளில் இருந்தவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், நீங்கள் எழுதியது இதுதான், தெரிந்துகொண்டு போட விருப்பமா என்று கேட்பது என்று முடிவெடுத்தேன். கணவர், இது விசர் வேலை என்றார். எனக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் போனேன்.

கிண்டர்கார்டன் முடிந்ததும் மகளைத் தள்ளுவண்டியில் வைத்து, தூறலில், மாடி மாடியாக ஏறினேன். ஒவ்வொரு மணியையும் அழுத்தும்போது தெரியும்: கையில் செல்லுபடியாகும் ஒரு கையெழுத்து இருக்கிறது, அதை இழக்கத்தான் இந்த மணியை அழுத்துகிறேன். மற்றத் தாய்மார் சந்தைக்கு முன்னால் நின்று கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய்க் குறைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வீட்டு அக்கா மகளுக்குப் பிஸ்கட் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நன்றி அட்டை அனுப்பத்தானாக்கும் எண்டு விலாசத்தை வடிவா எழுதினனான். பிறந்த திகதி ஏன் எண்டு விளங்கேல்லை. உம்மட மச்சாள் எல்லாம் புதுசு புதுசாத்தானே செய்யிறவ, அதுவும் ஒரு ஸ்டைல் எண்டு நினைச்சன்." விஷயத்தை விளக்கியதும் தன் கணவரைப் பார்த்தார். அவர் ஹோலைப் பற்றிக் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கையெழுத்து இல்லாமலே எழும்பினேன்.

இன்னொரு வீட்டில் அண்ணை கதவைப் பாதிதான் திறந்தார். கதை எனக்கு முன்னமே அங்கே போயிருந்தது.

"சாமத்திய வீட்டில வைச்சுச் சனத்தை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினது நீர்தானே?"

அதை இல்லாமல் செய்யத்தான் வந்திருக்கிறேன் அண்ணை என்றேன். ஏமாத்தேல்லை எண்டா ஏன் வீடு வீடாத் திரியிறீர் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். படியில் இறங்கும்போது, நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, ஏமாற்றுக்காரி என்ற பெயரும் வந்திருக்காது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் மகள் மழைத்துணிக்குள்ளிருந்து, இன்னும் எத்தனை வீடம்மா என்று கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன். பிறகு அதற்காகவும் வருந்தினேன்.

சிலர் போட்டார்கள். எனக்காகப் போடுகிறோம் என்று சொல்லிப் போட்டவர்களும் உண்டு, அதையும் வாங்குவதா விடுவதா என்று தயங்கித்தான் வாங்கினேன். ஒரேயொருவர்தான் நான் விளக்கி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். தனியாக இருக்கும் ஓர் அக்கா.

"எனக்குக் கசினோ வந்தாலும் ஒண்டுதான், ஹோல் வந்தாலும் ஒண்டுதான்" என்றார். "ஆனா ஒருக்காக் கேக்கட்டும். நான் இந்த ஊருக்கு வந்து இவ்வளவு காலம், என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை."

பேனையை உதறிப் பார்த்துவிட்டு, மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினார்.

பழைய தாள்களில் சரி போட்டிருந்த வரிகளில் பாதிகூடப் புதுத் தாளில் வரவில்லை. அதைக் கொண்டுபோய் இரட்டையர்களின் தாயிடம் கொடுத்தேன். அவர் பார்த்தார், மடித்தார், நன்றி என்றார். மகள் மாறி எடுத்துவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அவர் அப்படித்தான் நன்றி சொல்வார். பழைய தாள்களை மச்சாளிடம் கொடுத்தேன். அவர் ஆல்பத்தில் லண்டன் மாமாவின் வாழ்த்து மேலே வரும்படி ஒட்டினார். அதன் தலைப்பில் கசினோ பற்றிய கேள்வி ஜெர்மன் மொழியில் முழுமையாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை.

குறித்த திகதியில் குழு எல்லாத் தாள்களையும் கொடுத்தது. சில வாரங்களில் பதில் வந்தது. செல்லுபடியான கையெழுத்துகள் போதவில்லை, வாக்கெடுப்பு இல்லை. போதாமல் போன எண்ணிக்கை என்னுடைய பழைய தாள்களால் நிரப்பக்கூடியதைவிட அதிகம். கணவர் அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீரே, குடுத்திருந்தாலும் காணாது. இனி நிம்மதியா இரும்."

நிம்மதி வரவில்லை. கிடைத்ததைக் குறைக்கச் செலவழித்த அந்த நாட்களில் நானும் சந்தையில் நின்றிருந்தால் என்ன என்ற கேள்விதான் வந்தது. குழுவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சப்பாத்து மாற்றும் இடத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால், மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். எனக்காகத்தான் பேச்சை மாற்றுகிறார்களா அல்லது உண்மையிலேயே மழையா என்று வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன்.

இளவேனிலில் கம்பனி திருத்திய வரைபடம் ஒன்றைக் கொடுத்தது. பத்திரிகையில் வந்திருந்தது. மேல்மாடியில் ஹோல் இல்லை. அந்த இடத்தில் ஹோட்டல் அறைகள். நான் வாசித்துவிட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு தளபாடக் கடைக்கு முன்னால் வரும்போது மச்சாள் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"அந்தக் கையெழுத்துப் பேப்பர் இருக்குத்தானே?"

"அது உங்கட ஆல்பத்திலயெல்லோ இருக்கு, மச்சாள்."

"அதைத்தான் கேக்கிறன். ஒட்டினதைக் கழட்டலாம். இப்ப கொண்டுபோய்க் குடுத்தா எடுப்பாங்களோ?"

ஏலாது என்றேன். திகதி எப்போதோ முடிந்துவிட்டது, இனி ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்றேன். மச்சாள் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது.

"அப்ப நீர் அண்டைக்கே எல்லாருக்கும் வடிவா விளங்கப்படுத்தியிருக்கலாம்."

என் வாயில் ஏதோ வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, ஓம் மச்சாள் என்றேன். தளபாடக் கடையின் கண்ணாடிகளிலிருந்து மண்ணிறக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெளிச்சமும் ஏணிகளும் தெரிந்தன. மகள் வழமைபோல நின்று, நாக்கை நீட்டினாள். ஏணியில் நின்ற வேலையாள் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் நாக்கை நீட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். காதில் மச்சாள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சை விளக்கு வரும்வரை நின்றேன்.